வாசகர் கேள்வி – பதில்: முதல் மூன்று கியர்களில் மட்டும் எழும் முனகல்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் நான், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் துணைக் கியர் அமைப்பு) பொருத்திய 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். முதல் மூன்று கியர்களிலும் ஒரு முனகல் கேட்கிறது. நான்காவதற்கு மாற்றியதும் அடங்கிவிடுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பற்கள் நறநறக்கின்றன. பழையதைக் கொடுத்துவிட்டு, பழுது நீக்கிய வேறொரு கியர்பாக்ஸை வாங்கிக்கொள்ளும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். இதையே பிரித்துச் சரிசெய்யலாமா?
– வாசகர், பர்மிங்காம்

பதில்: தாராளமாகச் சரிசெய்யலாம், சரிசெய்வதே நல்லது என்பது என் கருத்து. உங்கள் கியர்பாக்ஸின் சக்கரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பிரித்தவுடன் கண்ணால் பார்த்துவிடலாம். மாற்றாக வரும் பெட்டிக்குள் எதைப் புதிதாகப் போட்டார்கள், எதைப் பழையபடியே விட்டார்கள் என்பதைத் திறந்து பாராமல் அறிய வழியில்லை.

நீங்கள் சொல்லும் அறிகுறியே கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிவிடுகிறது. நான்காவது கியரில் உள்ளே வரும் தண்டும் வெளியே செல்லும் தண்டும் நேரடியாகப் பிணைந்துகொள்வதால், கீழே இருக்கும் லேகியர் சுழன்றாலும் அதன்மேல் சுமை ஏறுவதில்லை. மற்ற மூன்று கியர்களிலும் இஞ்சினின் விசை முழுவதும் அந்த லேகியர் வழியாகத்தான் போகிறது. பல சக்கரங்கள் ஒரே துண்டாக அமைந்த இந்த லேகியர், அசையாமல் நிற்கும் லேஷாஃப்ட் என்ற தண்டின் மேல், ஊசி போல மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பேரிங்குகளில் சுழல்கிறது. தண்டு அசையாமல் நிற்பதால் சுமை எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் விழுகிறது; பல ஆண்டுகளில் அந்தப் பக்கத்தின் கடினப்படுத்திய மேற்பரப்பு பெயர்ந்து, அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்துவிடுகின்றன. தண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்த்தால், நகம் அந்த விளிம்புகளில் தட்டும். அப்படித் தட்டினால் தண்டையும் ஊசி பேரிங்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவைக் குறைக்க எண்ணிப் பழைய தண்டின் மேல் புதிய பேரிங்கை மட்டும் பொருத்தியதால் சில மாதங்களில் அதே முனகல் திரும்பி வந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். மீண்டும் முழுவதையும் இறக்க நேர்ந்தது. லேகியரின் உள்துளையிலும் குழிகள் இருந்தால் அதுவும் பயன்படாது.

நறநறப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம்தான்; கியர் விழுவதற்கு முன் இரு பக்கத்து வேகங்களையும் சமப்படுத்துவது இதுதான். பித்தளை நிறத்தில் இருக்கும் அந்த வளையத்தின் உட்புறத்தில் நூல் சுற்றியது போன்ற நுண்ணிய வரிகள் இருக்கும். எண்ணெய்ப் படலத்தை வழித்துத் தள்ளி, கியர் சக்கரத்தின் பக்கத்தில் உள்ள கூம்பைப் பற்றிக்கொள்வது அந்த வரிகளின் வேலை. அவை தேய்ந்து மழுங்கினால் வளையம் வழுக்கும். வேகங்கள் சமமாவதற்கு முன்பே பற்கள் மோதும். வளையத்தைக் கூம்பின் மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். நல்ல வளையம் இறுகப் பற்றும், தேய்ந்தது வழுக்கிச் சுற்றும். 1967-இன் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பெட்டி என்பதால் உங்களுடையதில் முதல் கியருக்கும் சிங்க்ரோ உண்டு. பிரித்த கையோடு நான்கு வளையங்களையும் மாற்றிவிடுங்கள்.

பிரிப்பதற்கு முன் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்து, அதில் ஒரு காந்தத்தை அலைய விடுங்கள். காந்தத்தில் ஒட்டாமல் பொன்னிறமாக மின்னும் தூள் சிங்க்ரோவிலிருந்து வந்தது. ஒட்டிக்கொள்ளும் செதில்கள் எஃகு. அவை லேஷாஃப்ட்டிலிருந்தோ பற்களிலிருந்தோ உதிர்ந்தவை.

இந்தக் காரில் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே வெளியே தூக்க வேண்டியிருப்பதால், கிளட்ச் தட்டையும், கிளட்சை விடுவிக்கும் கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். திரும்பப் பூட்டும்போது, லேகியரின் நீளத்துக்கு வெட்டிய ஒரு போலித் தண்டைச் செருகி வைத்தால் ஊசி உருளைகள் உதிராமல் நிற்கும். அசல் தண்டு அதைத் தள்ளிக்கொண்டே உள்ளே போகும். லேகியரின் முன்பின் அசைவை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்குள் வரும்படி வாஷரைத் தேர்ந்தெடுங்கள். இந்த அளவை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிடாதீர்கள். எம்ஜி நிறுவனத்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் என்பதால் உதிரிபாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை.

கேள்வி: அதே ரகக் காருக்குக் கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் சத்தம் குறையுமா?
– மற்றொரு வாசகர்

பதில்: சற்றுக் குறைந்தது போலத் தோன்றலாம், தேய்மானம் உள்ளே தொடர்ந்துகொண்டுதான் இருக்கும். இந்தக் கியர்பாக்ஸுக்குத் தயாரிப்பாளர் சொன்னது 20டபிள்யூ-50 இஞ்சின் ஆயிலே. ஜிஎல்-5 வகை கியர் ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் சிங்க்ரோ வளையத்தின் செம்புக் கலவையை அரிக்கக்கூடும். ஓவர்டிரைவ் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அதுவும் இதே எண்ணெயில்தான் இயங்குகிறது, வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் கலந்தால் அதன் கூம்பு கிளட்ச் பிடிக்காது. எண்ணெய் மாற்றும்போது ஓவர்டிரைவின் வடிகட்டியையும் கழற்றிக் கழுவுங்கள்.