மூன்று பாட்டில் கிஸ்மிஸ்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். எனக்கு 44 வயது, அம்மாவுக்கு 72. டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டில் அம்மா ராஜ்ஜியம்தான். கேக், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல் எல்லாம் வீட்டிலேயே செய்வார். தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்பும் பக்கத்து வீடுகளுக்கு 24ஆம் தேதி சாயங்காலம் எங்கள் தட்டு போயாக வேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு அச்சை எண்ணெயில் காயவைக்காமலே மாவில் முக்கிவிட்டு, "மாவு ஏன் பிடிக்க மாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கேக்கில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. அவர் தூங்கிய பிறகு அதைக் கொட்டிவிட்டு, ராத்திரி ஒரு மணி வரை இருந்து வேறு கேக் போட்டேன். காலையில் ஒரு துண்டு தின்று பார்த்து, "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன வாரம் அலமாரியைத் திறந்தால், வைனில் ஊறவைத்த கிஸ்மிஸ் மூன்று பாட்டில். முதலாவது மறந்துபோய் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. பெங்களூரில் இருக்கும் அண்ணன், "பேசாம பேக்கரியில சொல்லிடு, அம்மாவை அடுப்புப் பக்கமே விடாதே" என்கிறான். இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்?

– ஒரு மகள்

அன்புச் சகோதரிக்கு,

அந்த ராத்திரி நீங்கள் கேக் போட்டது அன்பினால்தான். ஆனால் அதனாலேயே ஒரு வருஷம் யாரும் இதைப் பேசாமல் போய்விட்டது.

சாவியை வைத்த இடம் மறப்பது வயதானால் சகஜம். காலமெல்லாம் செய்த வேலையின் வரிசை குழம்புவது வேறு. முந்திரிக்கொத்தையே பாருங்கள். பயறு வறுத்துத் திரித்து, பாகு பதம் பார்த்து, சூடு ஆறும் முன் உருட்டி, உலரவிட்டு, மாவில் முக்கிப் பொரிக்க வேண்டும். எதற்கு அடுத்து எது என்று தலையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இது. அதனால்தான் மறதிநோய் பல வீடுகளில் முதலில் அடுக்களையில் தெரிகிறது. உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் கூட இப்படிச் செய்யும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர்நல மருத்துவரிடமோ காட்டுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-ல் கேளுங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. காய்ந்த எண்ணெய்ச் சட்டியோடு அம்மாவைத் தனியாக விடக் கூடாது. ஆனால் அடுக்களையை விட்டே விலக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஒருவேளை இது அல்சைமர் வகை மறதியாகவே இருந்தாலும், முதலில் அடிபடுவது புதுச் செய்தியைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதிதான். கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடம். அது ரொம்ப நாள் தாங்கும். கல்கல் மாவை உருட்டி அம்மா கையில் கொடுத்து, முன்னால் ஒரு புதுச் சீப்பை வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தி ஒரு சுருட்டு. வரி விழுந்த சோழி மாதிரி அடுத்தடுத்து வந்து விழும். அதற்கு யாரும் வரிசை சொல்லித் தர வேண்டாம். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

அளந்து போடுவது உங்கள் வேலை. சர்க்கரை, மைதா, முட்டை எல்லாம் முன்கூட்டியே அளந்து தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், போட்டாயிற்றா இல்லையா என்ற சந்தேகமே வராது. "அடுத்து என்ன?" என்று கேட்டால் பத்தாவது தடவையும் சாதாரணமாகச் சொல்லுங்கள். "இப்பத்தானே சொன்னேன்" மட்டும் வேண்டாம்.

எந்த வாயால் சொல்வது என்று கேட்டீர்கள். "அம்மா, இந்த வருஷம் அடுப்பு என் பொறுப்பு, பதம் நீ பாரு" என்று ஆரம்பியுங்கள். தனக்கு மறக்கிறது என்று அவருக்கே உள்ளூரத் தெரிந்திருக்கலாம். அவராகப் பேச்செடுத்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று வாயை அடைக்காமல் கேளுங்கள்.

அண்ணன் கடைசி நேரத்தில் பஸ் ஏறாமல் நாலு நாள் முன்னாடியே வரட்டும். எண்ணெய்ச் சட்டியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கிஸ்மிஸ் பாட்டிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: கொட்டிவிடாதீர்கள். வைனில் ஊறியது அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஒன்று இந்த வருஷக் கேக்குக்கு, ஒன்று பெங்களூருக்கு. மூன்றாவதை என்ன செய்வது என்று அம்மாவையே கேளுங்கள்.