பேட்டரியில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின் வாங்கலாமா, காசுக்குப் பிடித்த கேடா?

கேட்டவரின் நிலைமை இது: ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு, அறுபது மரம், வேலியோரம் கொஞ்சம் வேம்பும் பூவரசும். வேலை வெளியூரில், தோப்புக்குப் போவது வாரக்கடைசியில் மட்டும். பெட்ரோல் மிஷின் வாங்குவதா, பேட்டரி மிஷினா, அல்லது இரண்டுமே வேண்டாமா?

இரண்டையும் வாங்கி ஒன்றை விற்றவன் நான். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: பேட்டரி மிஷின் வாங்கலாம். ஆனால் தென்னையை அறுக்கலாம் என்ற நினைப்பில் வாங்காதீர்கள்.

எங்கள் தோப்பு பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. விடிந்து பார்த்தால் எங்கள் 74 மரத்தில் நின்றது ஒன்பது. விழுந்ததை அப்படியே போட்டுவைக்கவும் முடியாது. மட்கிக் கிடக்கும் தென்னை மரத்தில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அது பெருகினால் நிற்கிற ஒன்பதின் குருத்துக்கும் ஆபத்து, புதிதாக வைக்கிற கன்றுக்கும் ஆபத்து. துண்டு போட்டு அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். மிஷின் வைத்திருந்தவர்களுக்கு அப்போது இருந்த கிராக்கி எம்.எல்.ஏ.வுக்குக்கூட இருந்ததில்லை. காலையில் ஒரு கூலி, சாயங்காலம் ஒரு கூலி. அவர்களையும் குறை சொல்ல முடியாது, தூங்காமல் அறுத்தார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பா ஒரு 58 சிசி பெட்ரோல் மிஷினை வாங்கிக்கொண்டு வந்தார். பெயர் கேள்விப்படாத கம்பெனி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), ஏழு கிலோவுக்குக் குறையாத கனம்.

நன்றாகத்தான் அறுத்தது. மூன்று மாதத்தில் போட்ட காசை எடுத்துக் கொடுத்தது. அறுக்க மரம் இல்லாமல் போன பிறகுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. பத்து மாதம் மோட்டார் கொட்டகையில் கிடந்தது. ஒரு நாள் வேப்பங்கிளை முறிந்து கொட்டகை ஓட்டின் மேல் விழ, மிஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தால் கிளம்பவே இல்லை. டேங்கில் விட்டுவைத்த ஆயில் கலந்த பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்துவிட்டது. அப்பா இழுத்தார், நான் இழுத்தேன், பக்கத்துத் தோப்பு மாமா வந்து "நீங்க இழுக்குற இழுப்பே சரியில்ல மாப்ளே" என்று அவரும் இழுத்தார். கடைசியில் அந்தக் கிளையைக் கோடரியால்தான் வெட்டினோம்.

இது ஒரு முறை நடந்த கதை இல்லை, வருஷா வருஷம் நடந்தது. மிஷினை எடுத்துவைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யார் செய்கிறார்கள்? இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கலந்து மாதக்கணக்கில் வைத்த பெட்ரோலை இனி நம்பவே முடியாது.

2022 கடைசியில் பேட்டரி மிஷின் வாங்கினேன். 18 வோல்ட், 12 அங்குல பார். ஏன் அந்த கம்பெனி என்றால், அதே கம்பெனியின் டிரில்லிங் மிஷினும் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தன. வெறும் உடம்பை மட்டும் வாங்கினால் போதும் என்ற நிலை. இதை நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். பேட்டரி மிஷின் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது. ஏற்கெனவே ஒரு கம்பெனியின் பேட்டரி கையில் இருந்தால் அதற்குப் பொருந்துவதையே வாங்குங்கள். எதுவும் இல்லையென்றால் இரண்டு பேட்டரியோடு சேர்த்து விலை கேளுங்கள், ஒன்றோடு அல்ல.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மணிக்கணக்கில் பார்க்காதீர்கள், அறுப்புக் கணக்கில் பாருங்கள். 18 வோல்ட், 5 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 90 வாட் மணி சக்தி. இரண்டு பேட்டரி போட்டு ஓடும் 36 வோல்ட் மிஷினில் 180. பெட்ரோல் மிஷினின் அரை லிட்டர் டேங்கில் உள்ள சக்தியில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகவும் புகையாகவும் போனாலும், செயினுக்கு வந்து சேர்வது அந்த 180-ஐப் போல நாலைந்து மடங்கு. இந்த இடைவெளியை எந்த விளம்பரமும் மூட முடியாது. என் 90 வாட் மணியில் ஆறு அங்குலக் கனமுள்ள பச்சை வேப்பங்கிளையில் முப்பதிலிருந்து நாற்பது அறுப்பு வருகிறது. பூவரசு கொஞ்சம் கூட வரும். முருங்கையைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், வெண்ணெய். எனக்கு ஒரு வாரக்கடைசிக்கு இதுவே அதிகம்.

இனி தென்னை. கேரளா வாடல் மாதிரி ஏதோ நோய் வந்து காய்ந்த ஒரு மரத்தைப் போன வருஷம் மிஷின்காரரை வைத்துச் சாய்த்தோம். சாய்த்ததைத் துண்டு போடுவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பேட்டரி மிஷினை எடுத்தேன். வேம்பை அறுக்கும்போது தூள் சீவல் சீவலாக வந்து காலடியில் விழும். தென்னையில் மேல் இரண்டு அங்குலம் தாண்டுவதற்குள் சீவல் நின்று, காப்பிப் பொடி மாதிரி பழுப்புத் தூள் பறந்தது. தென்னைக்கு மற்ற மரம் மாதிரி நடுவில் வைரம், அதாவது கெட்டிப்பட்ட கட்டை, கிடையாது, வெளிச்சுற்றுதான் வைரம்; கறுத்த நார்கள் கம்பி மாதிரி நெருங்கி நிற்கும், உள்ளே போகப் போகச் சோறு. அந்த வெளிச்சுற்று செயினின் பல்லைத் தின்கிறது. மூன்றாவது துண்டில் மிஷின் முனகியது, ஐந்தாவது துண்டு பாதியில் நின்றுவிட்டது. பேட்டரி கையில் பிடிக்க முடியாத சூடு. மிஷின்கார அண்ணன் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தவர், "தம்பி, இத வீட்ல வாழத்தண்டு நறுக்க வச்சுக்கங்க" என்று எழுந்து வந்து, மிச்சத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்தார்.

சூடான பேட்டரியைக் கொண்டுபோய்ச் சார்ஜரில் செருகினால் அதுவும் உடனே ஏற்றாது. நல்ல சார்ஜராக இருந்தால் சூடு தணியும்வரை காத்திருக்கும். சித்திரை வெயிலில் ஓட்டுக் கொட்டகைக்குள் அந்தக் காத்திருப்பு ஒரு தூக்கம் போடுகிற நேரம். ஏற்றாமல் காத்திருப்பது நல்லதுதான், அந்தச் சூட்டில் ஏற்றினால் லித்தியம் செல்லின் ஆயுள் குறையும். மறுபடி போகப் பல வாரம் ஆகும் என்றால் பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு விஷயம் டெல்டாக்காரர்களுக்கு மட்டும் புரியும். நமக்கு மரம் அறுக்கும் வேலை மொத்தமாக வருவது புயலுக்குப் பிறகு. புயலுக்குப் பிறகுதான் கரண்டும் இருக்காது. கஜாவில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. வாடகை ஜெனரேட்டரில் செல்போன் சார்ஜ் போட வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் நான் மிஷின் பேட்டரியை நீட்டியிருந்தால் அடித்திருப்பார்கள். புயலை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்றால் பேட்டரி உங்களுக்கு இல்லை, அதோடு விஷயம் முடிந்தது.

நான் ஏன் பெட்ரோலை விற்றேன் என்றால், எனக்கு வருஷத்துக்கு இருபது நாள் சின்ன வேலை, ஒரு நாள்தான் பெரிய வேலை. அந்த ஒரு நாளுக்கு மிஷின்கார அண்ணன் இருக்கிறார். மற்ற இருபது நாளும் பொத்தானை அழுத்தினால் ஓடுகிற ஒன்று வேண்டும். ஒரு கிளையை அறுத்துவிட்டு, இறங்கி, இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி அறுக்கும்வரை பெட்ரோல் மிஷின் சும்மா இரைந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் மறுபடி கயிறு இழுக்க வேண்டும். பேட்டரி மிஷின் விரலை எடுத்ததும் நின்றுவிடும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அறுத்தாலும் பக்கத்து வீட்டு அத்தை எழுந்து வந்து திட்டுவதில்லை. அப்பாவுக்கு 71 வயது. இப்போது எனக்குத் தெரியாமல் அவரே எடுத்து வேலிக்கிளையைக் கழிக்கிறார்.

ஆன்லைனில் விற்கிறார்களே, ஒரு கையில் பிடிக்கிற நாலு அங்குல, ஆறு அங்குல மினி மிஷின், அதைப் பற்றியும் கேட்பீர்கள். மட்டை, கைக்கனக் கிளை, வேலிக் கிளுவை இவற்றுக்கு மோசமில்லை. ஆனால் பேட்டரியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 21 வோல்ட், 20 வோல்ட், 18 வோல்ட் மூன்றும் பெரும்பாலும் ஒரே சரக்கு. ஐந்து செல் தொடராக, ஒவ்வொன்றும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட் என்பதால் 21, சராசரி 3.6 என்று பார்த்தால் 18. சிலவற்றில் 48, 88 என்று பெரிதாகப் போட்டு, பின்னால் வோல்ட்டுக்குப் பதில் 'விஎஃப்' என்று இரண்டெழுத்து இருக்கும். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஏஎச் கணக்கைப் பிடிக்க மளிகைக் கடைத் தராசு போதும். வழக்கமான விரல் கன செல் ஒன்று 45 கிராம் சுமார். நிஜமாகவே 5 ஏஎச் என்றால் பத்து செல் வேண்டும், டப்பாவோடு அரைக் கிலோவைத் தாண்டும். முந்நூறு கிராம்தான் நிற்கிறது என்றால் உள்ளே ஐந்து செல்தான், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

அப்புறம் செயின். பெட்ரோலோ பேட்டரியோ, அறுப்பது செயின்தான். மழுங்கின செயினைப் பெட்ரோல் மிஷின் முரட்டுத்தனமாக இழுத்து அறுத்துவிடும். பேட்டரி மிஷினில் அதே மழுங்கல் பேட்டரியைப் பாதி நேரத்தில் குடித்துவிடும். "பேட்டரி நிக்கவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களிடம் செயினைக் கடைசியாக எப்போது ராவினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சீவல் வராமல் தூள் வந்தால் உருண்டை அரத்தை எடுக்க வேண்டும். என் செயினுக்கு 4 மி.மீ. அரம், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே திசையில் மூன்று இழுப்பு. உங்களுடையதற்கு எந்த அளவு என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும்.

பேட்டரி மிஷினுக்கு ஆயில் வேண்டாம் என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. என்ஜினுக்குத்தான் வேண்டாம், செயினுக்குக் கட்டாயம் வேண்டும். செயின் ஆயில் விடாமல் ஒரு நாள் ஓட்டினால் பார் நீலம் பாய்ந்துவிடும். பைக்கில் வடித்த பழைய ஆயிலை விடாதீர்கள், அதில் இரும்புத் துகள் இருக்கும். புதுச் செயின் முதல் ஒரு மணி நேரத்தில் தளரும். சூடாக இருக்கும்போது இறுக்கினால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது சுருங்கிப் பாரை நெரிக்கும்.

சத்தம் இல்லாததில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெட்ரோல் மிஷின் ஓடுவது ஊருக்கே தெரியும். இது ஊமை. செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் பழக்கம். பார் மூக்கின் மேல் பாதி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், 12 அங்குலமானாலும் எகிறும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுக்கவே வேண்டாம். ஏணியில் ஏறி ஒரு கையில் பிடித்து அறுப்பதும் அப்படித்தான். நான் ஒரு முறை செய்தேன், விழவில்லை என்பதால் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் ஒரு ஏக்கருக்கு 18 அல்லது 36 வோல்ட், 12 அங்குல பார், இரண்டு பேட்டரி போதும். 16 அங்குலம் கேட்காதீர்கள். பார் நீண்டால் பேட்டரிக்குத்தான் பாரம். உங்கள் ஊர் மிஷின்காரர் நம்பரை அழித்துவிடாதீர்கள். வேலியோரம் பனை ஏதாவது நின்றால் அதில் கை வைக்கும் முன் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், பட்டா நிலமானாலும். கடையில் மிஷினை வாங்கும்போதே கூட ஒரு செயினும் இரண்டு அரமும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எங்கள் பக்கம் அந்த அரத்துக்காகவே நான் பட்டுக்கோட்டைக்கு இரண்டு தடவை பஸ் ஏறியிருக்கிறேன்.