டுஷேன் உள்ள மகனைக் கலியாணவீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

தங்கச்சி, மகனுக்கு டுஷேன் தசைநோய் (தசைகள் மெல்ல மெல்லப் பலமிழந்து, நடக்கவும் படியேறவும் கஷ்டமாகும் நோய்) என்று தெரிந்ததிலிருந்து மாமி "உன்ர வழியில வந்த குறை" என்கிறார், கலியாணவீட்டுக்கும் அவனைக் கொண்டுவர வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு இது தாயிடமிருந்து வருவதே இல்லை. மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றம். தாய்வழி வந்தாலும் அது ஒருவர் செய்த குற்றமா என்ன? உங்களுக்கான மரபணுப் பரிசோதனை பற்றி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். அந்த மாற்றம் உங்களிடம் இருந்தால் உங்கள் இதயத்தையும் எக்கோ (இதய ஸ்கேன்) செய்து பார்க்க வேண்டும். தாயின் உடம்பைப் பற்றி வீட்டில் ஒருவரும் யோசிப்பதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

கலியாணத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். மண்டபத்தில் எத்தனை படி, சாப்பாடு எந்த மாடியில் என்று முதலே விசாரியுங்கள். மாமியோடு உங்கள் கணவர் கதைக்கட்டும், அவருடைய அம்மாதானே.