எம்.எஸ்சி. என்விரான்மெண்டல் சயின்ஸ் முடிச்சிட்டு குப்பை மேலாண்மையில வேலைக்குப் போகலாமா? புதுச்சேரி, கடலூர் பக்கம் வாய்ப்பு இருக்கா? வீட்ல வேணாங்கறாங்க

தாராளமா போகலாம். நான் அந்த வேலைலதான் இருக்கேன். புதுச்சேரி ஓரத்துலயும் கடலூர் மாவட்டத்துலயும் பஞ்சாயத்து, அபார்ட்மெண்ட், ரிசார்ட்னு போய் குப்பையைப் பிரிச்சு வாங்கறது, உரம் போடறது, மீதியை சரியான இடத்துக்கு அனுப்பறது, இதெல்லாம் ஏற்பாடு பண்ணி நடத்திக் குடுக்கற சின்ன டீம். ஆபீஸ்ல உக்காந்து சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட் எழுதற பக்கம் வேற மாதிரி, நான் தெருப் பக்கத்தைதான் சொல்றேன். எந்தப் பக்கம் போறதா இருந்தாலும் முதல்ல ஒரு வருஷமாவது தெருவுல வேலை பாத்துட்டுப் போங்க, இதை நான் ரொம்ப அழுத்தமா சொல்வேன்.

காலைல ஆறரைக்கெல்லாம் தூய்மைக் காவலர் அக்காங்க விசில் அடிச்சுக்கிட்டு வண்டியோட கிளம்பிடுவாங்க, கூடவே நடக்கணும். வீட்டுக்காரங்க சாம்பார், டயப்பர், பல்பு, பால் கவர் எல்லாத்தையும் ஒரே பைல முடிஞ்சு கொண்டுவந்து நீட்டுவாங்க. பிரிச்சுக் குடுக்க வேண்டியது வீட்டுக்காரங்க பொறுப்புன்னு 2016 திடக்கழிவு மேலாண்மை ரூல்ஸ்லயே சொல்லிட்டாங்க, மக்கறது, மக்காதது, பேட்டரி மருந்து மாதிரி அபாயமானதுன்னு மூணா. நாப்கின் டயப்பரை தனியா சுத்திக் குடுக்கணும்னும் அதுல இருந்துச்சு. ஆனா சட்டத்தை சொல்லி ஒரு வீடு மாறி நான் பாத்ததில்ல. கலந்து குடுத்தா வாங்க மாட்டோம்னு தினமும் முகம் சுளிக்காம அதே வாசல்ல நின்னு சொல்லணும், அந்த அக்காவோட கைல கண்ணாடி கீறின காயத்தை அந்த வீட்டம்மா நேர்ல பாக்கணும், அப்ப மாறுது. அடுத்த நாள்லேந்து உடைஞ்ச டம்ளர் பேப்பர்ல சுத்தி வரும். ஒரு தெரு இப்படி ஒழுங்குக்கு வர மாசக்கணக்காகும், நடுவுல நீங்க ஒரு வாரம் லீவு போட்டா பாதி வீடு பழையபடி ஆயிடும்.

இந்த இடத்துல பிரிக்காம விட்டா அப்பறம் என்ன மெஷின் வெச்சாலும் கஷ்டம்தான். புதுச்சேரி குரும்பாபேட் குப்பைக் கிடங்குல வருஷக்கணக்கா கலந்து கொட்டினதை பயோமைனிங்னு தோண்டி சலிச்சு பிரிக்க வேண்டியிருக்கே, அதை ஒரு தடவை பாத்தா புரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது உரக்கூடம். நம்ம வீட்டுக் குப்பைல பாதிக்கு மேல ஈரக் குப்பைதான். கார்பன் நைட்ரஜன் விகிதம் 25-30க்கு 1 இருக்கணும்னு நீங்க படிச்சிருப்பீங்க. இங்க அது எப்படி நடக்கும்னா, நாத்தம் வந்தா தண்ணி ஜாஸ்தி, காத்து போகலைன்னு அர்த்தம், உடனே காஞ்ச எலையோ தேங்கா நார்த்தூளோ போட்டு கிளறணும். சூடே ஏறலைன்னா காஞ்சது அதிகமா இருக்கும், சாணத்தைக் கரைச்சு தெளிக்கணும். உள்ள 55 டிகிரிக்கு மேல சூடு சில நாள் நின்னாதான் கிருமியும் களை விதையும் சாகும். குவியல்ல கம்பியை சொருகி வெச்சு, எடுத்துத் தொட்டுப் பாத்து ‘இன்னும் ரெண்டு நாள் போகட்டும் பாப்பா’ன்னு சொல்ற அக்காங்க இருக்காங்க, தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தா அவங்க சொன்னது சரியா இருக்கும். அவங்ககிட்ட கத்துக்கோங்க. ஐப்பசி கார்த்திகைல சாரல் அடிச்சு தொட்டில தண்ணி எறங்கிட்டா புழு வெச்சிடும், பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க, அதனால மழைக்கு முன்னாடியே பக்கவாட்டுல தார்ப்பாய், காஞ்ச எலை ஸ்டாக் ரெண்டும் ரெடி பண்ணிக்கணும்.

மழைன்னதும் ஞாபகம் வருது, 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டிச்சே, தண்ணி வடிஞ்சதும் தெருத்தெருவா ஊறின மெத்தையும் தலகாணியும்தான். மெத்தையை வாங்கறவங்க கிடையாது, உரமும் ஆகாது. கடலோர ஊருக்கு புயல் குப்பைன்னு தனியா ஒரு திட்டம் முன்கூட்டியே இருக்கணும், இதுல ஆர்வமா யாராவது வந்தா நான் அவ்ளோ சந்தோஷப்படுவேன்.

உலர் குப்பைல பால் கவர், பெட் பாட்டில், அட்டை எல்லாம் காயலான் கடைலயே போயிடும். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட்தான் தலைவலி, பல லேயர் ஒட்டினது, பிரிச்சு ரீசைக்கிள் பண்றது ரொம்பக் கஷ்டம். அழுத்திக் கட்டாக் கட்டி (பேல் அடிச்சு) அரியலூர் பக்கம் மாதிரி சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளா அனுப்பலாம், ஆனா ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க, லாரி வாடகையும் யாராவது குடுக்கணும். அப்பறம் ஊருக்கு ஊரு ஒரு குப்பை உண்டு. பாண்டில சனி ஞாயிறு முடிஞ்சா பீர் பாட்டிலும் பீச்ல இளநீர் மட்டையும், கடலூர் முதுநகர் துறைமுகத்துல கிழிஞ்ச நைலான் வலையும் தெர்மாகோல் பெட்டியும். வலைக்கு வாங்க ஆள் இருக்கு, தெர்மாகோல் எடைக்கு லாரி வாடகையே கட்டாது.

வேலை எங்கன்னா, உள்ளாட்சிக்கு வேலை எடுத்து செய்யற கம்பெனிங்க, தூய்மை பாரத் திட்டத்துல கன்சல்டன்ட் போஸ்ட், பிளாஸ்டிக் தயாரிப்பாளருக்கு ஈ.பி.ஆர். (வித்த பிளாஸ்டிக் குப்பையானா அதுக்கும் தயாரிச்சவங்களே பொறுப்புங்கற விதி) கணக்கு பாக்கற நிறுவனங்க. ஆரோவில்ல ஈகோ சர்வீஸ், வேஸ்ட்லெஸ் மாதிரி டீம்கள் ரொம்ப நாளா இதுல இருக்காங்க, போய்ப் பாருங்க. நான் பாத்த வரைக்கும் நல்லா வளரப்போறது பெரிய ஓட்டல், ரிசார்ட், அபார்ட்மெண்ட் வேலைதான். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை வந்தா அவங்க மொத்தக் குப்பை உருவாக்குபவர் (பல்க் வேஸ்ட் ஜெனரேட்டர்), 5,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற குடியிருப்பும் நிறுவனமும் ஈரக் குப்பையை முடிஞ்ச வரைக்கும் உள்ளேயே முடிக்கணும்னு 2016 ரூல்ஸ்ல சொல்லியிருந்தாங்க. அதை நடத்திக் குடுக்க ஆள் வேணும், அந்த ஆளுக்கு கிலோவுக்கு என்ன செலவாகுதுன்னு கணக்கு போடத் தெரியணும். சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான், மாசம் பதினெட்டு இருபதாயிரம்னு எதிர்பாத்துட்டு வாங்க.

வீட்ல வேணாங்கறது. அதுக்குப் பின்னாடி சம்பளம் மட்டும் இல்லைங்க, சாதியும் இருக்கு. இதை யார் செய்யணும்னு நம்ம ஊர்ல ரொம்ப காலமா முடிவு பண்ணி வெச்சிருக்காங்க, படிச்ச பொண்ணு குப்பை வண்டியோட நடந்தா ‘இதுக்கா இவ்ளோ படிக்க வெச்சாங்க’ன்னு என் காதுபடவே பேசியிருக்காங்க. எனக்கு அதுல கோவம் வர்றது என்னைச் சொன்னதுக்காக இல்ல, அப்ப பக்கத்துல நிக்கற அக்காவை என்னன்னு நெனைக்கறாங்கன்னுதான். அவங்க சம்பளம் மூணு மாசம் நிக்கும், கையுறை கிழிஞ்சா மாத்து வராது, பி.எஃப். பிடிச்சது கட்டினாங்களான்னே தெரியாது. நீங்க படிச்சதை வெச்சு முதல்ல செய்ய வேண்டிய உருப்படியான காரியம் அந்த பி.எஃப். பாஸ்புக்கை ஆன்லைன்ல திறந்து காட்டி, கட்டலைன்னா மனு எழுதிக் குடுக்கறது. நான் வேலைக்கு சேந்ததுலேந்து இதை விடாம பண்றேன்.

அம்மா அப்பாகிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க. நல்லா நடக்கற உரக்கூடம் ஒண்ணுக்கு ஒரு நாள் காலைல அவங்களையும் கூட்டிட்டுப் போய் அங்க வேலை செய்யறவங்களோட உக்காந்து டீ குடிக்க வைங்க. எங்க அப்பா அதுக்கப்பறமும் முழுசா ஒத்துக்கலை, ஆனா மாடித் தோட்டத்துக்கு உரம் மட்டும் மாசாமாசம் எங்க கூடத்துலதான் வாங்கறார்.