நாளையை நினைத்து மகிழ்வது தப்பா?

கேள்வி: ஆறு மாதமாகத் தியானம் பழகுகிறேன். ‘இந்தக் கணத்தில் இரு’ என்பதுதான் பாடம். இரண்டு மாதம் கழித்து ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. மனம் எந்நேரமும் அங்கேயே ஓடுகிறது. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதே தப்போ என்று உறுத்துகிறது. எதிர்பார்ப்பையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம், உறுத்தலை விட்டால் போதும். பயணம் நாளைக்குரியது என்றாலும், அதை நினைக்கும்போது வயிற்றில் எழும் குறுகுறுப்பு இன்றைக்குரியது. அதைக் கவனித்து அனுபவிப்பதும் இந்தக் கணத்தில் இருப்பதுதான்.

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள் போகாதவர்களைவிடப் புறப்படும் முன்பே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2,250 பேரைக் கைப்பேசி வழியே அவ்வப்போது விசாரித்து எழுதியது வேறு மாதிரி. கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதம், மனம் செய்யும் வேலையில் இல்லை. இனிய நினைப்பில் அலைந்தபோதுகூட, வேலையில் ஊன்றியிருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை. இரண்டும் முரண்போலத் தெரியும். நாங்கள் புரிந்துகொள்வது இது: நாமாக உட்கார்ந்து ஆசையாய் நினைப்பது வேறு, பாத்திரம் கழுவும்போது மனம் தானாக நழுவுவது வேறு.

ஆகவே எதிர்பார்ப்புக்கென்று தினம் 10 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே நேரம், ஒரே இடம், கைக்கு எட்டாத தூரத்தில் அலாரம். முதல் 6 நிமிடம் ஒரே ஒரு காட்சி. முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். ரயிலில் ஜன்னலோரம் என்றால் அது மட்டும்: நெற்றியில் படும் கண்ணாடியின் குளிர்ச்சி, சக்கரச் சத்தம், மடியில் விழுந்து நகரும் வெயில். நடுவே ஒருமுறை உடம்புக்குத் திரும்புங்கள். நெஞ்சு லேசாகியிருக்கிறதா, உதடு தானாக விரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மீதி 4 நிமிடம் காகிதமும் பேனாவும். அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே வேலையை நாள், மணியோடு எழுதுங்கள். ‘பெட்டி தயார் செய்ய வேண்டும்’ என்று எழுதினால் மனம் அதையே சுற்றும். ‘சனிக்கிழமை காலை 9 மணி: பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி ஜிப்பைச் சோதிப்பது’ என்றால் விட்டுவிடும். முடிக்காத வேலை மனதை அரிப்பது, அதை முடிக்காவிட்டாலும் தெளிவான திட்டம் போட்டாலே குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்களின் 2011 ஆய்வு காட்டியிருக்கிறது.

மற்ற நேரத்தில் மனம் ஓடினால் ‘ஆசை’ என்று உள்ளுக்குள் பெயர் சொல்லிவிட்டு, கை தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குத் திரும்புங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை. மனதைத் திட்ட வேண்டாம். திட்டுவதும் இன்னொரு அலைச்சல்தான்.

பெரும்பாலும் இது கெட்டுப்போவது கைப்பேசியால். அந்த 10 நிமிடத்தில் அதை எடுத்தால் தங்குமிடப் படம், விமர்சனம், கட்டண ஒப்பீடு என்று போய், ஆசை சரிபார்ப்பாக மாறிவிடும். தாடை இறுகியிருக்கும், படித்ததையே மறுபடி படித்துக்கொண்டிருப்பீர்கள். அப்படித் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு எழுந்துவிடுங்கள்.

கேள்வி: ஆவலோடு காத்திருந்த நாள் வந்ததும் ‘இவ்வளவுதானா’ என்று ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், பழச்சாறு கிடைத்ததும் துடித்த டோபமின் நரம்பணுக்கள் (டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள்), பழகிய பிறகு சாறு வரும் என்று காட்டும் சைகைக்கே துடித்தன. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது கூடுதல் துடிப்பு இல்லை. வராதபோது இயல்பைவிடத் தணிந்தன. மணிக்கணக்காக மனதில் ஒத்திகை பார்த்த நாளிலும் அதேபோலப் புதிதாகக் கிடைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றே நினைக்கிறோம்.

பயணம் என்றால், ஒரு நாளுக்கு இரண்டு விஷயங்களை மட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். மற்றவற்றின் படங்களை முன்கூட்டியே பார்க்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் 3 நிமிடம் படம் எடுக்காமல் நின்று, நினைத்ததற்கு மாறாக இருக்கும் மூன்றைக் கண்டுபிடியுங்கள். வாசனை, கூட்டம், வெளிச்சம், எதுவானாலும் சரி. நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: நான் காத்திருப்பது தேர்வு முடிவுக்கு. ஆசையில்லை, பயம்தான். இதற்கும் 10 நிமிடமா?

பதில்: பயத்துக்கு அரை மணி கொடுங்கள். கவலைக்கென்று தினம் 30 நிமிடம் ஒதுக்கும் முறை 1980-களிலேயே ஆராயப்பட்டது. மாலையில், மேசை முன் உட்கார்ந்து, எழுதியபடி கவலைப்படுங்கள். மற்ற வேளையில் பயம் வந்தால் ஒரு வரி குறித்து மாலைக்குத் தள்ளுங்கள். படுக்கையில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. கட்டிலும் கவலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தூக்கமோ பசியோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.