சக்கரம் நிற்கும், கரன்ட் நிற்காது

போன இதழில் ஸ்மார்ட் மீட்டர் (ரீடிங்கைத் தானாகவே அலுவலகத்துக்கு அனுப்பும் புது மின்சார மீட்டர்) பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய. மின்வாரிய மீட்டர் சோதனைக் கூடத்தில் 31 வருஷம் மேஜையில் மீட்டர்களை வரிசையாக மாட்டி ஓடவிட்டுப் பார்த்தவன் என்பதால், இந்தத் தடவை பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஆசிரியர். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் இல்லை.

எங்கள் வீட்டு மீட்டர், 1989-ல் என் கணவர் வீடு கட்டியபோது வைத்தது. உள்ளே சக்கரம் சுற்றும். இரண்டு மாதத்துக்கு 170, 180 யூனிட்தான் வரும். ஸ்மார்ட் மீட்டர் வைத்தால் குதிரை மாதிரி ஓடும், பில் இரட்டிப்பாகும் என்கிறார்கள் எதிர்வீட்டில். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா ஐயா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

சொல்ல முடியாது அம்மா. சரியான மீட்டர் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. எந்த மீட்டர் என்பது நம் விருப்பம் இல்லை. 2006-லேயே புது மீட்டர்கள் எல்லாம் மின்னணு மீட்டராக இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் விதி போட்டுவிட்டது. உங்கள் சக்கரம் இத்தனை நாள் தப்பித்ததே பெரிய விஷயம்.

பில் இரட்டிப்பாகாது. ஆனால் கொஞ்சம் கூடும், அதை மறைக்க மாட்டேன். காரணம் புது மீட்டர் வேகமாக ஓடுவதில்லை, உங்கள் பழைய மீட்டர் களைத்துப்போனது. அந்த அலுமினியச் சக்கரம் ஒரு சின்ன தாங்கியின் மேல் நின்று சுற்றுகிறது. வருஷக் கணக்கில் தூசி, தேய்மானம். புதிதாக இருக்கும்போதே ஐந்தாறு வாட்டுக்குக் கீழே அது அசையாது. முப்பது வருஷம் ஆன மீட்டர்கள் இருபது, முப்பது வாட்டுக்குக்கூட அசையாமல் நின்றதை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். சக்கரம் நிற்கும், கரன்ட் நிற்காது.

1989-ல் இது பெரிய விஷயமில்லை. ராத்திரி எல்லாவற்றையும் அணைத்தால் வீட்டில் எதுவும் எரியாது. இப்போது அப்படியா? வைஃபை பெட்டி ஒன்று சுமார் 10 வாட், நாள் முழுக்க. அறுபது நாளைக்குக் கணக்குப் போடுங்கள், 14 யூனிட் சொச்சம். டிவியை அணைத்தாலும் அணையாத செட்டாப் பெட்டி இன்னொரு 14. பழைய சக்கரம் இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. புது மீட்டர் விடாது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் மீட்டரையெல்லாம் சோதித்தவன், என் வீட்டுச் சக்கர மீட்டரை ரிட்டயர் ஆகும்வரை மாற்றவில்லை. மின்னணு மீட்டர் வந்ததும் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட் கூடிவிட்டது. "ஊருக்கெல்லாம் மீட்டர் பார்த்த லட்சணம்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் மீட்டரில் சக்கரம் இல்லாமல் சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் (இதைப் படிக்கும் பெரும்பாலோர் வீட்டில் அதுதான் இருக்கும்), நீங்கள் ஏற்கனவே மின்னணு மீட்டருக்கு மாறிவிட்டீர்கள். அதிலிருந்து ஸ்மார்ட் மீட்டருக்குப் போகும்போது எண்ணிக்கையில் வித்தியாசம் வரக் காரணமில்லை. எண்ணும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். புதியது எண்ணியதைத் தானாகவே அலுவலகத்துக்குச் சொல்லும், அவ்வளவே.

மாற்ற வரும் நாளில் ஒரு வேலை மறக்காதீர்கள். பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புது மீட்டரின் முதல் ரீடிங், இரண்டின் எண்கள் எல்லாம் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டை இருந்தால் அதிலும் எழுதி வாங்குங்கள். பின்னால் வருகிற தகராறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு படம் இல்லாததால் வருவதுதான்.

புது மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று நாமே பார்க்க முடியுமா?
*பி.இ. முடித்த பையனின் அப்பா, நாமக்கல்*

முடியும் சார், பையனைக்கூடக் கூப்பிட வேண்டாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு, அதாவது விளக்கு இத்தனை தடவை மின்னும், என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணையுங்கள், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட. விளக்கு மின்னுவது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எதையோ மறந்திருக்கிறீர்கள், அல்லது எங்கோ கசிகிறது. அப்புறம் 1000 வாட் ஹீட்டர் ராடைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுவிட்டுப் போடுங்கள். (தண்ணீர் முதலில், சுவிட்ச் பிறகு. சுவிட்சை அணைக்காமல் வாளிக்குள் கை விடாதீர்கள்.) ஒரு நிமிஷத்துக்கு 53 தடவை மின்ன வேண்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், அது சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும்.

45 தடவைதான் மின்னியது, மீட்டர் ஸ்லோ என்று சந்தோஷப்படாதீர்கள். சாயங்காலம் வோல்டேஜ் 230-லிருந்து 210-க்கு இறங்கியிருந்தால் ராடே 830 வாட்தான் இழுக்கும். எழுபது தடவை மின்னினால் மட்டும் எழுதிக் கொடுங்கள். ரீடிங் சரியில்லை என்று புகார் வந்தால் ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் திருத்தம் வந்திருக்கிறது. புகாரை வாயால் சொல்லாதீர்கள். எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். தனித்தனி மீட்டர். மின்னணு மீட்டர் மாற்றியதிலிருந்து மாடிக்காரர்களுக்கு மட்டும் பில் எகிறுகிறது. ஏசிகூட இல்லை. "நீங்கதான் எங்க லைன்ல இழுக்கறீங்க" என்று சண்டைக்கு வருகிறார்கள். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இன்னும் மோசமாகுமா?
*இரண்டு போர்ஷன் வீட்டுக்காரர், திருவல்லிக்கேணி*

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்களும் பொய் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குற்றவாளி, நாற்பது வருஷத்துக்கு முன்னால் வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன். வயர் மிச்சம் பிடிக்க இரண்டு போர்ஷனுக்கும் நியூட்ரலை ஒன்றாக முறுக்கிவிட்டுப் போயிருப்பார்.

கரன்ட் பேஸ் வயரில் போய் நியூட்ரல் வயரில் திரும்பும். பழைய சக்கர மீட்டர் போகிற வழியை மட்டும்தான் பார்த்தது. மின்னணு மீட்டர் போவதையும் வருவதையும் இரண்டையும் அளக்கும். இரண்டும் சமமாக இல்லையென்றால் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். திருட்டைப் பிடிக்க வைத்த ஏற்பாடு இது. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதென்றால், உங்கள் கரன்ட் உங்கள் மீட்டர் வழியாகப் போய் மாடி மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. உங்கள் மீட்டர் அதை எண்ணுகிறது. மாடி மீட்டரும் அதையே சேர்த்து எண்ணுகிறது. ஒரே யூனிட்டுக்கு இரண்டு வீட்டிலும் காசு.

சோதிப்பது சுலபம். மாடியில் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். மெயினை மட்டும் இறக்க வேண்டாம், இறக்கினால் நியூட்ரலும் போய்விடும். கீழே ஹீட்டரைப் போடுங்கள். மாடி மீட்டர் மின்னினால் சந்தேகமே இல்லை. நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலைப் பிரித்துவிடுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வருவதற்கு முன்பே செய்வது நல்லது. அது இந்த ஏற்றத்தாழ்வை நேரம் குறித்துப் பதிவு செய்து அனுப்பிவிடும். வயரிங் கோளாறா, திருட்டா என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? வாடகைக்காரரிடம் பேசும்போது சோதனையை அவர் கண்முன்னாலேயே செய்யுங்கள். அந்த ஒரு காப்பி நேரத்தில் சண்டை தீர்ந்துவிடும்.

அம்மாவுக்கு ஆக்சிஜன் கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செல்போன் மாதிரி ரீசார்ஜ் தீர்ந்தால் நடு ராத்திரியில் கரன்ட் போய்விடும் என்கிறார்களே? நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
*மகள், திருநெல்வேலி*

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள் அம்மா. ஸ்மார்ட் என்பது மீட்டர், ப்ரீபெய்டு என்பது கட்டணம் வாங்கும் முறை. அதே மீட்டரில் எரித்த பிறகும் காசு வாங்கலாம், முன்னாடியும் வாங்கலாம். 2021-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் 25 கோடி மீட்டர்களை ப்ரீபெய்டாகவே நினைத்து எழுதப்பட்டது, அதனால்தான் இரண்டு வார்த்தையும் ஒட்டிக்கொண்டுவிட்டன. 2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள், பழைய மீட்டரையே கொடு என்று. உங்கள் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன்.

எரித்த பிறகு கட்டும் முறையில் இருக்கும்வரை, மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி முழுசாக 15 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காமல் துண்டிக்கக் கூடாது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பட்டனைத் தட்டித் துண்டிக்க மீட்டரில் வசதி இருக்கிறது என்பதற்காக அந்தப் பிரிவு செத்துப்போய்விடவில்லை. ப்ரீபெய்டுதான் என்றால், 47-வது பிரிவின்படி டெபாசிட் கேட்கக் கூடாது. ப்ரீபெய்டுக்குச் சம்மதம் என்று ஒரு படிவத்தை நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி இருப்பதை டாக்டர் சான்றிதழோடு உங்கள் பகுதி உதவிப் பொறியாளருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அதோடு, மீட்டர் எதுவாக இருந்தாலும் மழைக்கு மரம் விழுந்தால் கரன்ட் போகும். கருவி சுமார் 300 வாட் இழுக்கும். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் மூன்றரை மணி நேரம் தாங்கும். பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கட்டும்.

ரீடிங் எடுக்க எட்டு நாள் கழித்து வந்தார்கள். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது, பில்லைப் பார்த்து மயக்கமே வந்தது. ஸ்மார்ட் மீட்டரில் இது தீருமா? மாதாமாதம் பில் வந்தால் லாபமா?
*மளிகைக் கடைக்காரரின் மனைவி, விருதுநகர்*

முதல் பாதி தீரும். இந்த மீட்டரின் உண்மையான லாபமே அதுதான் என்பது என் கருத்து. நாளைக்கு 8 யூனிட் எரிக்கும் வீட்டில் 60 நாளுக்கு 480. எட்டு நாள் தள்ளினால் 544. 500-ஐத் தாண்டினால் அந்த 44 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழ்க் கட்டணப் படியில் கிடைத்த சலுகையும் பறிபோகும், அதனால்தான் மயக்கம். ஸ்மார்ட் மீட்டர் குறித்த தேதியில் நள்ளிரவு எண்ணை எடுத்து அனுப்பிவிடும். யாருக்கும் லீவும் கிடையாது, காய்ச்சலும் வராது.

மாதக் கணக்கீடு வேறு விஷயம். 2021 தேர்தலிலேயே வாக்குறுதியாக வந்து, ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று தள்ளிப்போனது. எல்லோரும் அதை லாபம் என்றே நினைக்கிறார்கள். படிகளை அப்படியே பாதியாக்கி மாதத்துக்கு 250 என்று வைத்தால் என்ன ஆகும்? மே மாதம் ஊருக்குப் போய்விடுகிறீர்கள், 100 யூனிட். ஜூனில் ஏசி, 350. இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் 450, தப்பித்தீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஜூன் மாட்டிக்கொள்ளும். அதனால் மாதக் கணக்கீடு எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள், படி எத்தனை என்றும் கேளுங்கள். இலவச யூனிட்டுக்கும் மீட்டருக்கும் சம்பந்தமில்லை. மீட்டர் எண்ணும், கழிப்பது பில் போடும் இடத்தில்.

மீட்டருக்கு நாங்கள் காசு கட்ட வேண்டுமா?
*சேலத்திலிருந்து ஆறு பேர்*

மத்தியத் திட்டத்தின்படி வாசலில் வந்து யாரும் கேட்கக் கூடாது. மத்திய அரசு ஒரு மீட்டருக்கு விலையில் 15 சதவீதம், அதிகபட்சம் 900 ரூபாய் மானியம் தரும். மிச்சத்தை மாட்டுகிற நிறுவனம் முதலில் போட்டுவிட்டு, மாதாமாதம் மின் நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்ளும். மின் நிறுவனம் யாரிடமிருந்து வாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் விலை அதிகம் என்று தமிழ்நாட்டில் டெண்டர் ரத்தானபோது நான் சந்தோஷப்பட்டேன்.

மீட்டரிலிருந்து கதிர்வீச்சு வருமாமே?
*திருப்பூர்*

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனும் அதே வகை அலையைத்தான் அனுப்புகிறது. மீட்டர் நாளில் கொஞ்ச நேரம்தான் பேசும், அதுவும் சுவருக்கு வெளியே. கவலைப்பட வேண்டியவர் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குபவர்.

"இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், ஸ்மார்ட் மீட்டர் பதிவுக்கு இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று மெசேஜ் வந்தது.
*தாத்தா, கரூர்*

திருட்டுப் பயல்கள். கூப்பிடாதீர்கள், எந்தச் செயலியையும் இறக்காதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

ரீடிங் எடுக்க வருகிற தம்பி இனிமேல் வரமாட்டாரா? இருபது வருஷமாக வருகிறார், மோர் குடித்துவிட்டுப் போவார்.
*பாட்டி, மன்னார்குடி*

ரீடிங்குக்காக வரமாட்டார் பாட்டி. அவர் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார், சம்பளமில்லாமல். மீட்டர் பெட்டியைத் திறக்கும்போதே மூக்கில் ஏறும், கருகின வாடை. "முனை சூடாகியிருக்கு, ஆளைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். இனி அதை யாராவது பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை பேரனை விட்டுப் பெட்டியைத் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்படித்திருந்தாலோ, பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ, உர்ரென்று சத்தம் வந்தாலோ அதே மின்னக எண்தான். மோரை லைன்மேனுக்குக் கொடுங்கள்.