மீனின் கோழையைப் பொடியாக வாங்கிப் போடலாமா?

கேள்வி: ஒரு ஏக்கர் குளம், ஐந்தடி ஆழத் தண்ணீர். கெண்டைக் குஞ்சுகள் நூறு கிராம் வந்ததும் இழுவலை போட்டுப் பாதியைப் பக்கத்துக் குளத்துக்கு மாற்றினேன். ஆறாம் நாள் பழைய குளத்து மீன்களின் முதுகில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. வால் நைந்து போனது, சிலவற்றுக்குச் சிவந்த புண். நீற்றிய சுண்ணாம்பு 100 கிலோ கரைத்து ஊற்றினேன். கிருமிநாசினியான பொட்டாசியம் பெர்மாங்கனேட் இரண்டு கிலோ வீதம் இரண்டு தடவை போட்டேன். சாவு நிற்கவில்லை. மீன் தோல்மேல் வழுவழுப்பாகப் படியும் கோழையில் உள்ள பொருள் கிருமியை அடக்கும் என்று சொல்லி, 'மியூசின் புரதப் பொடி' ஏக்கருக்கு ஒரு கிலோ குளத்தில் போடச் சொல்கிறார் மருந்து விற்பவர். நானும் இணையத்தில் அப்படித்தான் படித்தேன். வாங்கலாமா? இல்லாவிட்டால் நல்ல மீனின் கோழையை வழித்துத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இணையத்தில் நீங்கள் படித்தது பொய்யில்லை. அதை வைத்து உங்களிடம் விற்கப் பார்க்கும் பொருள்தான் பொருந்தாதது. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: மீனிடம் ஏற்கெனவே இருந்த கோழை எங்கே போயிற்று?

முதலில் பொடியைப் பார்ப்போம். மியூசின் என்பது புரதத் தண்டில் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து முளைத்த பெரிய மூலக்கூறு. எடையில் பெரும்பகுதி அந்தச் சர்க்கரைதான். கிருமி வந்து அதில் சிக்கும். கோழை ஓயாமல் கழன்று விழுந்து புதிதாக ஊறுவதால் சிக்கிய கிருமியும் அதோடு போய்விடும். இதற்கு மேலும் ஒரு வேலை அதற்கு உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் காத்தரினா ரிபெக் குழுவினர் 2019ல் வெளியிட்ட ஆய்வில், மியூசினின் சர்க்கரைச் சங்கிலிகள் பட்டபோது சூடோமோனாஸ் பாக்டீரியா சாகவில்லை. நஞ்சு சுரப்பதையும் தாக்குவதையும் குறைத்துக்கொண்டது. கேண்டிடா பூஞ்சையிலும் காலராக் கிருமியிலும் பின்னர் இதே போலப் பார்த்திருக்கிறார்கள். கொல்லாமல் அடக்குவதால், எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகும் ஆபத்து குறையலாம் என்பது இதன் அருமை. ஆனால் அந்த ஆய்வுகள் நடந்தது கிண்ணத்திலும் சிறு காயத்திலும். அவர்கள் பயன்படுத்தியது பக்குவமாகச் சுத்திகரித்த மியூசின், அரை சதவீத அளவில். அதாவது லிட்டருக்கு ஐந்து கிராம்.

உங்கள் குளத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கர், ஐந்தடி என்றால் ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர். லிட்டருக்கு ஐந்து கிராம் வேண்டுமானால் முப்பது டன். விற்பவர் சொல்வது ஒரு கிலோ. ஆறாயிரம் லிட்டருக்கு ஒரு கிராம். இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

அளவு போதாது என்பதோடு நின்றால் பணம்தான் நட்டம். அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் மியூசின் பன்றி இரைப்பையிலிருந்து எடுப்பது. ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிக்கு எளிதில் தொற்று பிடிக்காதபோது, கிருமியோடு இந்தப் பன்றி மியூசினைக் கலந்து வயிற்றறைக்குள் ஊசியாகப் போடுவது பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். அது சேர்ந்தால் குறைந்த கிருமியே நோயை உண்டாக்கிவிடும். ஆக, உடம்பில் உரிய இடத்தில் உயிரோடு ஊறும் கோழை காவல். பிரித்தெடுத்து இடம் மாற்றிப் போட்ட மியூசின் கிருமிக்கே கைகொடுக்கலாம்.

உங்கள் குளத்தில் இந்தச் சந்தேகம் இன்னும் பலமானது. முதுகில் வெள்ளைத் திட்டு, நைந்த வால் என்று நீங்கள் எழுதியிருப்பது காலம்னாரிஸ் நோயின் அடையாளம். இதைத் தருவது ஃபிளேவோபாக்டீரியம் காலம்னாரே. இந்தக் கிருமி மீனின் கோழையை மோப்பம் பிடித்து அதை நோக்கி நகரும், கோழையைத் தின்று பெருகும். பின்லாந்தில் 2019ல் வெளியான ஆய்வில், மியூசின் பட்ட காலம்னாரே முன்பைவிட வீரியமாகத் தாக்கியது. சூடோமோனாஸை அடக்கும் பொருள் இதற்குத் தீனி. எந்தக் கிருமி என்று தெரியாமல் 'கோழை நல்லது' என்று குளத்தில் கொட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

நல்ல மீனின் கோழையை வழித்துக் கலக்கும் யோசனையை அடியோடு விடுங்கள். வழித்த மீனுக்குக் காவல் போய்விடும். வழித்த கோழையில் அந்த மீன் கழித்துத் தள்ளிய கிருமியும் ஒட்டுண்ணியும் இருக்கும், அதைத் தீவனத்தில் நீங்களே பரிமாறுவீர்கள். கோழையில் மியூசினோடு, கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியும் இருக்கிறது, எதிர்ப்பணுப் புரதங்களும் இருக்கின்றன, கிருமியின் சவ்வைத் துளைக்கும் சிறு பெப்டைடுகளும் இருக்கின்றன. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922ல் வெளியிட்ட லைசோசைமை அவர் கண்டுபிடித்ததே மூக்குச் சளியில்தான். இவையெல்லாம் தோலின் மேல் படிந்திருக்கும்போது செய்யும் வேலையை, குடலுக்குள் போய்ச் செரிமானமான பிறகு செய்யும் என்று நினைக்க முடியாது.

இனி கோழை போன கதை. வலை போட்ட ஆறாம் நாள் நோய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோய் வலையில் தொடங்கியிருக்கிறது. நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு ஏறத்தாழ 0.9 சதவீதம், குளத்துத் தண்ணீரில் அதில் சிறு பங்கு கூட இராது. கோழையும் தோலும் உரிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறும், உப்பு வெளியே போகும். மீன் அந்த நட்டத்தை ஈடுகட்டவே தன் சக்தியைச் செலவழிக்கும். அந்த நேரத்தில் குளத்தில் எப்போதும் இருக்கிற காலம்னாரேயும் ஏரோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும் உரிந்த இடத்தில் குடியேறும். சிவந்த புண் பெரும்பாலும் ஏரோமோனாஸின் வேலை.

கையில் பிடித்தே இதைப் பார்த்துக்கொள்ளலாம். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சம் சாய்வாகப் படும்படி பாருங்கள். நல்ல கோழை கண்ணுக்குத் தெரியாது. செதில் பளிச்சென்று இருக்கும், விரல் வழுக்கும். எரிச்சல் கண்ட மீனில் நீலச் சாம்பல் படலம் மூட்டம் போட்டது போல நிற்கும், மீன் திரும்பும்போது நூலாகப் பிரியும். கோழை போன மீன் விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். செதில் ஓரங்கள் தட்டுப்படும், அடியில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒரே வலையில் வந்த மீன்களில் வலையின் அடியில் நசுங்கியவைதான் இப்படி இருக்கும்.

வலை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மருந்துக்குச் செலவிடும் பணத்தில் பாதியை முடிச்சில்லாத மெல்லிய வலைக்குச் செலவிட்டால் குளத்துக்கு வரும் நோயில் பெரும்பகுதி வராது. முடிச்சுப் போட்ட நைலான் வலை ஒவ்வொரு முடிச்சிலும் கோழையைச் சுரண்டும். முந்தின நாள் முழுக்கத் தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீன் நெரிசலில் கழிவைக் கக்கித் தண்ணீரை நாசமாக்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறக்கிற குளமானால் அன்று வலையே வேண்டாம். நிலை நன்றாக இருந்தால் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போனால் மறுநாள் பார்க்கலாம். வலையைச் சுருக்கிய பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் நெரிசலில் நிறுத்தாதீர்கள். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் குவிப்பதைவிட மூன்று சிறு இழுப்பு மேல். கூடையில் அள்ளித் தூக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். கூடையின் அடியில் கிடக்கும் மீன் மேலிருக்கும் எடை முழுவதையும் தோலில் தாங்குகிறது. தண்ணீர் நிரம்பிய வாளியில் மொண்டு எடுங்கள், எடையும் தண்ணீரோடே போடுங்கள். உலர்ந்த கை, உலர்ந்த துணி, உலர்ந்த தார்ப்பாய் எதுவும் மீனைத் தொடக் கூடாது. வலை, வாளி எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே அடுத்த குளத்துக்குப் போக வேண்டும்.

மாற்றும் தொட்டியில் உப்புப் போடுங்கள். கல் உப்பே போதும். 500 லிட்டர் தொட்டிக்கு இரண்டரைக் கிலோ, அதாவது அரை சதவீதம். அதில் அரை மணி நேரமாவது நிற்கட்டும், காற்று ஓடிக்கொண்டிருக்கட்டும். உப்பு மீனின் உப்பு நட்டத்தைக் குறைக்கும், காலம்னாரேக்கும் உப்பு ஆகாது. ஆனால் குளத்திலேயே உப்பைக் கொட்டிப் பலனில்லை. 0.3 சதவீதம் வரவே உங்கள் குளத்துக்குப் பதினெட்டு டன் வேண்டும். தண்ணீரும் மண்ணும் கெட்டுப்போகும்.

நீங்கள் செய்த வைத்தியத்தையும் சொல்லியாக வேண்டும், வருத்தமாகத்தான் இருக்கும். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரின் கார அமில நிலையை (pH) ஏற்றும். பாசி அடர்ந்த குளத்தில் பிற்பகலில் அது ஏற்கெனவே எட்டரை, ஒன்பது என்று நிற்கும். 28 டிகிரித் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு, எட்டில் சுமார் 7 சதவீதம், ஒன்பதில் சுமார் 40 சதவீதம். அந்த அம்மோனியா செவுளை எரிக்கும். செவுளின் கோழை அளவுக்கு மீறிச் சுரந்து மூச்சையே அடைக்கும். மீன் இருக்கும் குளத்தில் சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் சுண்ணாம்புக்கல் தூள்தான். அது 8.3க்கு மேல் ஏற்றாது. பெர்மாங்கனேட்டோ, வழக்கமான லிட்டருக்கு 2 மில்லிகிராம் வர உங்கள் குளத்துக்குப் பன்னிரண்டு கிலோ வேண்டும். இரண்டு கிலோவைச் சேறும் பாசியுமே குடித்திருக்கும். ஊதா நிறம் அடர்த்தியாக விழுந்த ஓரத்தில் நின்ற மீன்களுக்கு மட்டும் செவுள் வெந்திருக்கும். இதைப் பார்த்துப் பன்னிரண்டு கிலோ வாங்க ஓடாதீர்கள். கோழை இழந்த மீன்மேல் இப்போது அது கூடாது.

இன்று செய்ய வேண்டியது: தீவனத்தை இரண்டு நாள் நிறுத்துங்கள், பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். செத்த மீனைக் காலையும் மாலையும் எடுத்துக் குளத்துக்குத் தொலைவில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காலம்னாரே செத்த மீனிலிருந்து மளமளவென்று பரவும். இரவு முழுவதும் ஏரேட்டர் ஓடட்டும். விடியலில் ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. கார அமில நிலையை விடியலிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள். பிற்பகலில் ஒன்பதைத் தொட்டால் கால்வாசித் தண்ணீரை மெதுவாக மாற்றுங்கள்.

அதோடு, சாகும் நிலையில் உயிரோடு இருக்கிற நான்கைந்து மீன்களை ஆக்சிஜன் பையில் போட்டு மீன்நோய் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செத்து நாறிய மீனில் அழுகல் பாக்டீரியாதான் வளரும். கரையிலேயே நுண்ணோக்கி வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் தெரியும். உயிருள்ள மீனின் மார்புத் துடுப்புக்குப் பின்னால் கண்ணாடி வில்லையின் ஓரத்தால் தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே வழிப்பு, குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு, உடனே பார்க்க வேண்டும். நூறு மடங்கில் தட்டு சுழல்வது போல ஓடினால் ட்ரைக்கோடினா ஒட்டுண்ணி. நானூறு மடங்கில் மெல்லிய நீளக் குச்சிகள் வைக்கோற்போர் போலக் குவிந்து அசைந்தால் காலம்னாரே. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆன்டிபயாடிக் வேண்டுமானால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்ற சோதனை முடிவு கையில் வந்த பிறகு, மீன்நோய் மருத்துவர் எழுதிக் கொடுத்துத் தீவனத்தில். எவ்வளவு நாள் கழித்துப் பிடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

விற்பனையாளரைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால், எல்லா நோய்க்கும் அவர் கடையில் இருக்கிற டப்பாதான் மருந்தாகும். 'இயற்கை', 'பக்கவிளைவு இல்லை' என்ற சொற்களுக்குப் பின்னால் உள்ளே என்ன இருக்கிறது, எந்த விலங்கிலிருந்து எடுத்தது, எத்தனை சதவீதம், எந்த மீனில் எந்தக் கிருமிக்கு எதிராகச் சோதித்தது என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராத பொருள் உங்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

மீன் தானே கோழையை ஊற வைக்கத் தீவனத்தில் உதவி செய்யலாம். ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கனும் 'மன்னான்' (mannan) என்ற சர்க்கரைப் பொருளும் பல மீன்களில் கோழைச் சுரப்பைக் கூட்டியிருக்கின்றன. புண் ஆற வைட்டமின் சி வேண்டும், ஆனால் சாதாரண வகை தீவனத்தில் சேமிப்பிலேயே வீரியம் இழந்துவிடும். பாஸ்பேட் சேர்த்து நிலைப்படுத்திய வகை என்று கேட்டு வாங்குங்கள். சிக்கு வாடை அடிக்கும் பழைய தீவனம் இருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். இவையெல்லாம் அடுத்த வலைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்க வேண்டியவை. இப்போது பசியற்றுக் கிடக்கும் மீனிடம் இவை போய்ச் சேராது.

பக்கத்துக் குளத்துக்கு மாற்றிய பாதியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவையும் அதே வலையில் வந்தவைதான். இன்றைக்கே அங்கே கைவலையால் பத்து மீன் பிடித்து, தண்ணீருக்குள் வைத்தபடி முதுகையும் வாலையும் பாருங்கள். திட்டு தெரியும் முன்பே தீவனத்தைக் குறைத்து, காற்றூட்டி, சுண்ணாம்பும் பெர்மாங்கனேட்டும் போடாமல் விட்டால் அந்தக் குளத்தைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.